ஞாயிறு மட்டும் கட்டாத கயிறு

போன மாதம் கடற்கரையில் எங்கட வாடிக் கொட்டிலுக்குத் தென்னோலைக் கிடுகு மாற்றினோம். பழைய கிடுகை இறக்கினபோது கூரையைத் தாங்கி உள்ளுக்குள் நின்ற நடுக்கப்பு வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பனங்கப்பில், என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிவர ஒரு வளையம் தேய்ந்து கிடந்தது. சின்னவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன? எலி கடிச்சதோ?"

"எலி இப்பிடி வட்டமாக் கடிக்குமோ, விசரி. ஆடு கட்டினது," என்றான் நடுப்பிள்ளையான தம்பி.

பெரியவள் இறக்கின கிடுகில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பிள்ளையள், அது எலி கடித்ததும் இல்லை, ஆடு கட்டினதும் இல்லை. சின்னவளே, அது உன்னைக் கட்டின தடம். இதை வாயால் சொல்லப்போனால் நீங்கள் மூன்று பேரும் இடைக்கிடை கேள்வி கேட்டு என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். நான் படித்தது குறைவு. பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும்.

அப்போது பெரியவளுக்குக் கோயிலில் முதல் நன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்குகிற வயது. தம்பி முதலாம் வகுப்பு. சின்னவள் நடக்கப் பழகி, நடையை விட்டு ஓட்டத்துக்கு வந்திருந்தாள்.

எங்களுக்கு நண்டு வலைதானே. பின்னேரம் கடலில் விட்டு, விடிய எடுக்கிற வலை. எடுத்து வந்து வாடிக்கு முன்னால் குவித்தால் பிறகு அதை விட்டு எழும்ப ஏலாது. சிக்கின நண்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் முறியக்கூடாது. முறிந்த நண்டை வாங்குகிறவர் ஒருபக்கம் எறிந்துவிடுவார். வெயில் ஏறினால் நண்டு சாகும், அதுக்கு முதல் முடிக்க வேண்டும். நானும் அம்மாவும், உங்கட மாமாவும் குந்தினால்தான் முடியும். கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்லை. பெரியவளும் தம்பியும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். சின்னவளை ஆரிடம் விடுகிறது? பக்கத்து வாடிக்காரர் எல்லாரும் தங்கட வலையோடு குந்தியிருப்பார்கள். எல்லாருடைய கையிலும் நண்டு.

அந்த வயதுப் பிள்ளை கடலைக் கண்டால் நேரே அதுக்குள்தான் போகும். அதனால் கட்டினோம். எங்கட கரையில் இது புதுப் பழக்கம் இல்லை. என்னையும் கட்டித்தான் வளர்த்தவர்கள், உங்கட அம்மாவையும் கட்டித்தான் வளர்த்தவர்கள். வெளியூர் ஆள் ஒருவர் ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஐயோ, பிள்ளையையோ கட்டி வச்சிருக்கிறியள்," என்று கேட்டார். அம்மா தலை நிமிராமல், "நீங்கள் கொஞ்ச நேரம் பாத்துக்கொள்ளுறியளோ, அவிட்டு விடுறன்," என்று சொன்னா. அவர் போய்விட்டார்.

இடுப்பைச் சுற்றி அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டு. அதிலிருந்து வலைக்கயிறு. அப்போது வாடிக்குக் கூரை மட்டும்தான், சுற்று மறைப்பு இல்லை. கப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டவில்லை, சுழலுகிறமாதிரி வளையமாகப் போட்டிருந்தோம். நீளத்தை அம்மாதான் அளந்தா. பெரிய அலை வருகிற நாளிலும் தண்ணீர் எட்டாது, கையை நீட்டினாலும் வலைக்குவியல் எட்டாது. அவ்வளவு நீளம்.

கட்டினதும் சின்னவள் கொஞ்ச நேரம் கயிற்றை இழுத்துப் பார்ப்பாள். அழமாட்டாள். பிறகு சுற்றத் தொடங்குவாள். கயிறு விறைக்கிற எல்லையிலேயே சுற்றிச் சுற்றி, மணலில் ஒரு வட்டப் பாதை விழுந்திருந்தது. இரவு காற்று அதை மூடும், காலையில் அவள் திரும்பப் போடுவாள். எங்கட நாய்க்கும் அந்த நீளம் தெரியும். அவளுடைய விரலுக்கு ஒரு சாண் வெளியே படுத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டுவதில்லை.

எங்கட ஊர்க் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். சனி விடிய எடுத்த வலை ஞாயிறு பின்னேரம் வரைக்கும் கடலுக்குப் போகக்கூடாது. வலை இல்லை என்றால் நண்டு இல்லை, நண்டு இல்லை என்றால் கயிறு இல்லை. அலுமாரியைத் திறந்து அம்மா அவள் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்தால் சின்னவளுக்கு விளங்கிவிடும். உடனே தன் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிரிப்பு.

ஆறு நாளும் வட்டமாகச் சுற்றின பிள்ளை, கோயிலுக்குள் விட்டால் என்ன செய்யும்? நேராக ஓடும். நடுப்பாதையில் விட்ட வேகத்துக்குப் பீடத்தடியில்தான் போய் நிற்பாள். ஆம்பிளையள் பக்கம் இருந்து நான் எழும்ப முதல், பொம்பிளையள் பக்கம் இருந்து அம்மா ஓடிப்போய்த் தூக்குவா. தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவாள். பூசை வைக்கிற சுவாமி வாசகத்தை நிறுத்திவிட்டு அவள் அடங்கும் வரைக்கும் நிற்பார்.

எனக்கு முன்வரிசையில் இருக்கிற வயதானவர் ஒருவர், ஒருகாலம் பெரிய தோணி ஓட்டின பழைய தண்டையல், திரும்பாமலே சொல்லுவார்: "தம்பி, உன்ர தோணிக்கு நங்கூரம் இல்லையோ?" பக்கத்தில் இருக்கிறவர்கள் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். பொம்பிளையள் பக்கத்தில் ஒருத்தி அம்மாவிடம், "கிழமை முழுக்கக் கட்டுறியள்தானே, பூசைக்கும் ஒரு முழம் கொண்டுவாங்கோவன்," என்று சொன்னாவாம். அம்மாவும் சிரித்தாவாம். ஆனால் அடுத்த ஞாயிறு அம்மா உள்ளே வரவில்லை. சின்னவளை வைத்துக்கொண்டு வெளியே வேம்புக்குக் கீழே நின்றா. அதுக்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நான் திரும்பிப் பார்த்தால் பக்கக் கதவுக்கு அங்கால் வெயிலில் அவவின் சேலைக்கரை மட்டும் இங்கும் அங்கும் போய்வரும்.

அந்த நாள்களில்தான் சுவாமி ஒரு பிரசங்கம் வைத்தார். ஞாயிறு கடலுக்குப் போகாமல் விடுவது மட்டும் போதாது, வீட்டில் பிள்ளைகளோடு இருந்து செபிக்க வேண்டும், இளைப்பாற வேண்டும், தகப்பன்மார்தான் அதை முன்னின்று நடத்த வேண்டும் என்றார். நல்ல பேச்சு. எனக்குள் அப்படியே இறங்கிவிட்டது. நான் விடியமுதல் கடலுக்குப் போகிறவன், பின்னேரம் திரும்ப வலை விடப் போகிறவன். உங்களோடு நான் ஆறுதலாக இருக்கிறதே ஞாயிற்றில்தான். அதனால் அன்றைக்கே சட்டம் போட்டேன்.

பூசை முடிந்து வந்தால் ரீவி இல்லை. போன் இல்லை. கடற்கரை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையளோடு ஓட்டம் இல்லை. எல்லாரும் ஒன்றாக இருந்து ஒரு வேதாகமக் கதை, ஒரு பாட்டு, சாப்பாடு, படுக்கை, எழும்பிச் செபமாலை. சின்னவள் ஓடிவிடாமல் கேற்றைப் பூட்டித் திறப்பை என் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு அந்த ஞாயிறுகள் ஞாபகம் இருக்குமோ தெரியாது. எனக்கு இருக்கிறது. தகரக் கூரை. பங்குனி, சித்திரை வெயில். நான் நோவாவின் பேழையை வாசிக்க, நீங்கள் மூன்று பேரும் பாயில் வேர்த்து ஒழுக இருப்பீர்கள். பேழைக்குள் இருந்த விலங்குகளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கே தோன்றும். மதிலுக்கு அங்கால் மற்றப் பிள்ளையள் பந்தடிக்கிற சத்தம். சின்னவள் கேற்றடியில் நின்று கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பாள். பிறகு முற்றத்தைச் சுற்றத் தொடங்குவாள். கயிறு இல்லாமலே, கிணற்றடியால் போய், வீட்டின் பின்கோடியால் வந்து, கேற்றடிக்கு. திரும்ப அதே சுற்று.

ஒருநாள் தம்பி கூரையைப் பார்த்தபடி கேட்டான்: "அப்பா, ஞாயிறு எப்ப முடியும்?"

"ஏன் தம்பி?"

"சும்மா. கேட்டனான்."

எனக்கும் அதே கேள்விதான் உள்ளுக்குள். கடலில் எவ்வளவு நேரமும் இருப்பேன், அந்த வீட்டுக்குள் என்னால் கால் நீட்டி இருக்க ஏலவில்லை. கை தன்பாட்டில் எதையாவது தேடும். ஒருநாள் கதை சொல்லிக்கொண்டே நூல் ஊசியை எடுத்து கிழிந்த வலைத் துண்டு ஒன்றைப் பொத்தத் தொடங்கிவிட்டேன். பெரியவள் வந்து எனக்கு முன்னால் நின்றாள். அவள் முதல் நன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். கட்டளைகள் எல்லாம் பாடம். திருநாட்களைப் பரிசுத்தமாய் அனுசரிக்க வேண்டும் என்ற கட்டளையை மட்டும் பாடமாக்கியதோடு விடாமல் காவலும் காத்தாள்.

"அப்பா, அது வேலை."

"இது வேலை இல்லைப் பிள்ளை. சும்மா இருக்கிற கை."

"சும்மா இருக்கிற கைக்கு ஊசி எதுக்கு?"

ஊசியை வாங்கிக்கொண்டு போய் அலுமாரிக்கு மேலே வைத்தாள். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "பிள்ளை, இஞ்ச வந்து இந்தக் கறிச் சட்டியையும் வாங்கி மேல வையம்மா. இதுவும் வேலைதான்." நான் சிரித்தேன். அம்மா சிரித்த சத்தம் வரவில்லை.

பெரியவள் தானாக ஒரு சட்டமும் சேர்த்துக்கொண்டாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் கப்பில் இருந்து அந்தக் கயிற்றைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவுவாள். "திங்கள் வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது," என்பாள். நான் போட்ட எத்தனையோ சட்டம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. அவள் போட்டது மட்டும் நின்றது.

இனி அந்த ஞாயிற்றுக்கு வாறன்.

கார்த்திகை மாதம். வெள்ளி பின்னேரம் வலையை விட்டுவிட்டு வந்தோம், சனி விடிய எடுக்கலாம் என்று. இருட்ட வாடைக்காற்று எழும்பிவிட்டது. எங்கட கரை வடக்கைப் பார்த்த கரை, வாடை எழும்பினால் வள்ளத்தைத் தள்ளவே ஏலாது. சனி முழுக்கக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மிதவைக் கொடி ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. எங்கட வலை மட்டும் இல்லை, ஊரில் அரைவாசி வலை கடலுக்குள் மாட்டிக்கொண்டது. அந்த நாள் பெரியவளுக்குக் கயிற்றைக் கழற்றிக் கொழுவ வேண்டிய வேலையும் இல்லை. காற்று எழும்பின வெள்ளி இரவே அவள் அதைக் கழற்றி ஆணியில் கொழுவியிருந்தாள்.

ஞாயிறு விடிய, பூசைக்கு முதல் மணி அடிக்கிற நேரம், காற்று கை வைத்து அமர்த்தினமாதிரி விழுந்தது.

அன்றைக்குப் பூசையில் ஆம்பிளையள் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒருவரும் பீடத்தைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் பக்கக் கதவால் கடலுக்குத் திரும்பியிருந்தது. பழைய தண்டையலுக்குக்கூட நங்கூரப் பகிடி மறந்துபோய்விட்டது. வலை இன்னும் ஒருநாள் கிடந்தால் பாசி ஏறி நூலும் தெரியாமல் போகும். செத்த நண்டைத் தின்ன வருகிற மீன் வலையையும் சேர்த்துக் கிழிக்கும். அந்த வலை போனால் அந்தப் பருவம் போனமாதிரி. வெளியே வேம்பின் கீழே அம்மாவும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. சின்னவள் அவவின் கையில் தொங்கிக்கொண்டு நின்றாள்.

பூசை முடிய மீனவர் சங்கத் தலைவர் கோயில் வாசலில் நின்று சொன்னார்: "கிடக்கிற வலையை எடுங்கோ. சுவாமியும் ஓம் எண்டவர். எடுக்கிறது மட்டும். பின்னேரம் வரைக்கும் திருப்பி விடுறேல்லை."

வீட்டுக்கு ஓடிவந்து வேட்டியை மாற்றினேன். பெரியவள் வாசலில் நின்றாள்.

"அப்பா, ஞாயிறு கடல் இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னது?"

"சங்கம் விட்டிட்டுது பிள்ளை. சுவாமியும் விட்டிட்டார்."

"அப்ப ஏன் என்ர முகத்தைப் பாக்காமச் சொல்லுறியள்?"

மாமா வெளியே நின்று, "அத்தான், வாறியளோ இல்லையோ?" என்று கூப்பிட்டார். போனேன்.

வலை பாறாங்கல்லாகக் கனத்தது. பாசியும் சேறும், நண்டில் உயிரோடு பாதி, செத்தது பாதி. இழுத்து வள்ளத்தில் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து வாடிக்கு முன்னால் கொட்டின நேரம் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உயிரோடு இருந்த நண்டுகள் குவியலுக்குள் கிடந்து சறசற என்றன. வீட்டில் இருந்து எல்லாரும் வந்திருந்தீர்கள். சின்னவள் இன்னும் அந்த வெள்ளைச் சட்டையோடு. அம்மா ஒரு கையில் சாக்கும் மற்றக் கையில் ஆணியில் இருந்து எடுத்த கயிறுமாக வந்தா.

சின்னவள் கயிற்றைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தவள் நின்றாள். பிறகு மணலில் குந்தி, சட்டையை இரண்டு கையாலும் கீழே இழுத்து, இடுப்பை மூடினாள்.

"இண்டைக்குக் கட்டேலாது அம்மா," என்றாள் பெரியவள்.

"பிள்ளை, வெயில் ஏறுது. விசர்க்கதை கதைக்காத."

"ஞாயிறு கட்டுறேல்லை."

"அப்ப ஆர் பாக்கிறது? நீயோ பாக்கப்போறாய்?"

"ஓம். நான் பாக்கிறன்."

மாமா ஏற்கெனவே குந்தி நண்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "விடக்கா," என்றார், "உனக்குக் கதைக்கிற கப்பு ஒண்டு கிடைச்சிட்டுது."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அம்மா கயிற்றைச் சாக்குக்கு மேலே போட்டுவிட்டுக் குந்தினா. நானும் குந்தினேன். குந்தினால் பிறகு உலகம் தெரியாது. கண்ணுக்கு முன்னால் நூல், நண்டு, கால், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரைப்பாதையால் பெண்பிள்ளையள் சிலர் வந்தார்கள். எல்லாரும் பெரியவளோடு முதல் நன்மை வாங்க இருந்தவர்கள். அன்றைக்குப் பின்னேரம் கோயிலில் அவர்களுக்குப் பழக்கம். பவனி எப்படி வருவது, எங்கே முழந்தாளில் நிற்பது என்று சிஸ்டர் காட்டிக்கொடுக்கிற நாள். பெரியவள் ஒரு கிழமையாக அதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தவள்.

"வாறியோ? சிஸ்டர் ஏசுவா," என்று ஒரு பிள்ளை கூப்பிட்டது.

"நான் வரேல்லை. எனக்கு வேலை இருக்கு."

அப்போதுதான் நான் தலையைத் தூக்கினேன்.

கப்படியில், தினமும் சின்னவள் சுற்றுகிற அந்த வட்டத்தின் நடுவில், பெரியவள் குந்தியிருந்தாள். சின்னவளின் சட்டைக்கரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். சின்னவள் கடல் பக்கமாகச் சாய்ந்து, முழுப்பலத்தோடும் இழுத்துக்கொண்டு, அவளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவள் சுற்றச் சுற்றப் பெரியவளும் இருந்த இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மணலும் வேர்வையும். சின்னவளின் வெள்ளைச் சட்டை தோளில் பிரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையள் பாதை வளைவில் மறையும் வரைக்கும் பெரியவள் திரும்பித் திரும்பி அவர்களையே பார்த்தாள். ஆனால் கையை விடவில்லை.

ஊசியை எடுத்ததுக்கே வேலை என்று என்னைப் பிடித்தவள். அவள் வாயில் அந்தச் சொல்.

நான் எழும்பினேன்.

"அத்தான், எங்க?"

"இதை இதோட நிப்பாட்டுவம் மச்சான். தண்ணிக்குள்ள தள்ளிவிட்டு நாளைக்குப் பாப்பம்."

"விளங்கித்தான் கதைக்கிறியளோ? நாளைக்கு ஒண்டும் மிஞ்சாது."

"இப்பவே பாதி இல்லைத்தானே."

மாமா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கையில் ஒரு பெரிய நண்டு, இன்னும் ஒரு கால்தான் சிக்கியிருந்தது. அவ கப்படியைப் பார்த்தா. பிறகு அந்தக் காலையும் மெதுவாக எடுத்து, நண்டைப் பெட்டிக்குள் வைத்து, கையை மணலில் துடைத்தா. "தள்ளுங்கோ," என்றா.

வலைக்குவியலை மூன்று பேருமாகத் தூக்கி, முழங்கால் தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் போட்டு, வள்ளத்தின் நங்கூரக் கயிற்றில் கட்டினோம். மாமா சாரத்தை உதறிக்கொண்டு, "உங்கட ஞாயிறும் நீங்களும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கோபம் புதன்கிழமை வரைக்கும் இருந்தது.

நான் பெரியவளிடம் போனேன். "நீ போ பிள்ளை, கோயிலுக்குப் போ. நான் பிடிக்கிறன்."

"வலை?"

"வலை கிடக்கட்டும்."

அவள் உடனே விடவில்லை. நான் சட்டைக்கரையைப் பிடித்த பிறகும் அவளுடைய விரல் அதில் இருந்தது.

"பிடிச்சிட்டியளோ?"

"பிடிச்சிட்டன்."

"விட்டிடாதேங்கோ அப்பா."

பிறகு ஓடினாள். செருப்பும் போடாமல், மணல் பறக்க ஓடினாள். அவள் பாதை வளைவில் மறைந்த பிறகு, நான் விட்டுவிட்டேன்.

சின்னவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். இழுக்கிற பக்கம் ஆள் இல்லாததால் விழப் பார்த்தாள். பிறகு போனாள், கரையோடு, நேராக. நான் பின்னால் நடந்தேன். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். அவள் கடலுக்குத் திரும்பினால் நான் முன்னுக்குப் போக வேண்டும், ஊர்ப்பக்கம் திரும்பினால் கருவாடு காயப்போட்டிருக்கிற பந்தல், உடைந்த போத்தில், நாய். இருந்து பார்க்கலாம் என்றால் இருந்த மறுகணம் அவள் இருபது முழம் போயிருப்பாள். அவள் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பின்னால் வருகிறேனோ இல்லையோ என்று. வள்ளங்கள் எல்லாம் தாண்டி, வாடிகள் எல்லாம் தாண்டி, பிறகு திரும்பி வந்து, திரும்பவும் போய். நண்டு வலை கழற்றுகிறதை விட அது கஷ்டமான வேலை. இளைப்பாற்றி என்று சொல்ல அதில் ஒரு துளியும் இல்லை. தண்ணீருக்குள் கிடந்த வலை அலைக்கு அலை உருண்டுகொண்டிருந்தது. அதைக் கடக்கிற நேரமெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தம்பி அந்த வலைக்குப் பக்கத்தில், கணுக்கால் தண்ணீரில் குந்தியிருந்து நண்டோடு கதைத்துக்கொண்டிருந்தான். "இண்டைக்கு ஞாயிறு. ஒருத்தரும் உங்களைப் பிடிக்கமாட்டினம். வடிவாக் குளியுங்கோ."

ஒரு தடவை வாடியைக் கடக்கும்போது உள்ளே பார்த்தேன். மடித்த சாக்கில் தலையை வைத்து அம்மா படுத்திருந்தா. அவ நித்திரை. பகலில் அவ நித்திரை கொள்ளுகிறதைக் கலியாணம் முடித்து அவ்வளவு காலத்தில் நான் அன்றைக்குத்தான் கண்டேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலைக்குக் கீழே அந்தக் கயிறு.

சின்னவளைத் தூக்கி விரலை வாயில் வைத்து, "சத்தம் போடாத, அம்மா படுக்கிறா," என்றேன். அவள் உடம்பை வில்லாக வளைத்தாள். இறக்கிவிட்டேன். திரும்பவும் கரை.

அடுத்த நாள் வலையைப் பார்த்தபோது மாமா சொன்னதுதான் சரியாக இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அதுக்குப் பிறகு ஞாயிறுகளில் நான் கேற்றைப் பூட்டுவதில்லை. சட்டமும் போடுவதில்லை. பூசையின்போது வேம்பின் கீழே நிற்பது என் வேலையானது. அம்மா உள்ளே, பொம்பிளையள் பக்கத்தில், சுவர் ஓரமாக இருப்பா. முதல் இரண்டு ஞாயிறும் அவவுக்கு உள்ளே கை கால் ஓடவில்லையாம், அடிக்கடி திரும்பிப் பார்த்தா. ஒலிபெருக்கியில் எனக்குப் பிரசங்கம் துண்டுதுண்டாகக் கேட்கும். ஒரு நல்ல இடம் வருகிற நேரம் பார்த்துச் சின்னவள் கிணற்றடிக்கு ஓடுவாள். பழைய தண்டையல் என்னைக் கடந்து போகும்போது, "என்ன தம்பி, நங்கூரம் இழுபட்டு வெளிய வந்திட்டுது போல," என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சின்னவளுக்குப் பின்னால் போனேன். ஞாயிறு முழுக்க அவளுக்குப் பின்னால்தான். மற்ற ஆறு நாளும் வலைக்குப் பின்னால், ஏழாம் நாள் அவளுக்குப் பின்னால். அவளுக்கு நாலு வயதாகி முன்பள்ளிக்குப் போகும் வரைக்கும் எனக்குக் கால் நீட்டி இருந்த ஞாயிறு ஞாபகம் இல்லை.

பெரியவள் அந்த வருசம் முதல் நன்மை வாங்கினாள். பவனியில் அவள் பிழையில்லாமல் நடந்தாள். நான் அதை வேம்படியில் இருந்து, கதவிடுக்கால்தான் பார்த்தேன்.

அந்தத் திங்கட்கிழமையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம், கட்டுப்பாட்டு நேரம் முடிந்த பிறகு, வீட்டில் மிச்சமாக இருந்த சின்ன வலை ஒன்றைக் கடலில் விட்டிருந்தோம். திங்கள் விடிய எடுத்து வந்து கொட்டினோம். நண்டு குறைவு, ஆனால் இருந்தது. கரைத்தண்ணீரில் கிடந்த பழைய வலையையும் இழுத்து மேலே போட்டாயிற்று. இரண்டு குவியல். மாமா என்னோடு கதைக்காமல் குந்தினார். நான் கயிற்றைத் தேடினேன். வாடிக்குள் இல்லை. அம்மா, "வீட்டில. ஆணியில கிடக்கு," என்றா. அவவின் தலைக்குக் கீழே கிடந்த கயிற்றை ஆர் எடுத்துக்கொண்டுபோய்க் கொழுவினது என்று நான் கேட்கவில்லை. போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சின்னவள் முதல் நாள் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் ஓடுவாள், துரத்திப் பிடிக்க வேண்டிவரும், கத்துவாள் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். கூப்பிடவில்லை. நான் கப்படியில் வந்து நின்றதும் அவள் தானாக நடந்து வந்தாள். எனக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள், இடுப்பில் கட்டுகிறதுக்கு வசதியாக. அன்றைக்குத் திங்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கட்டினேன். சேலைத் துண்டைச் சுற்றி, முடிச்சைப் பின்னால் கொண்டுபோய், கயிற்றைக் கப்பில் வளையமாகப் போட்டேன். அவள் கையை இறக்கினாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சுற்றத் தொடங்கினாள். நாய் வந்து, தன் இடத்தில் படுத்தது.

பெரியவளும் தம்பியும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக் கரைப்பாதையால் வந்தார்கள். தம்பி நேரே போனான். பெரியவள் புத்தகப் பையோடு வட்டத்துக்குள் வந்தாள். சின்னவளைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சேலைத் துண்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். இறுக்கம் இல்லை. விரலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.